சமர்கந்தில் மறுத்துப் பேசும் உரிமை

தைமூரின் பேரரான உலூக் பேக் (1394–1449) சமர்கந்தில் கூட்டிய அறிஞர் அவையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் மிகவும் உயிர்ப்புள்ளது ஒரு குடும்பக் கடிதமாகும். கணித மேதை கியாஸுத்தீன் ஜம்ஷீத் அல்காஷி, காஷான் நகரிலிருந்த தம் தந்தைக்குப் பாரசீக மொழியில் எழுதியது அது. ஓர் அறிவு நிறுவனத்தில் புதிய சிந்தனை எவ்வாறு தழைக்கிறது என்று ஆராய்வோருக்கு இம்மடல் அரியதொரு கருவூலம்.

அவையில் ஒரு கணக்கையோ வானியல் கருத்தையோ உலூக் பேக் முன்வைத்தால், நன்கு விளங்கிக்கொள்ளாமல் எவரும் அதை ஆமோதிக்கலாகாது. ஆட்சியாளர் என்பதற்காக ஒருவர் தலையசைத்துவிட்டால், தம்மை அறியாதவராக்குவதாக அவர் கடிந்துகொள்வாராம். சில வேளைகளில் வேண்டுமென்றே தவறான கூற்று ஒன்றைச் சொல்லி வைப்பார். மரியாதை கருதி அதை ஏற்றுக்கொண்டவர் பின்னர் அவையோர் முன் நாணி நிற்க நேரிடும். இவற்றை எழுதும் அல்காஷி தற்பெருமையில் குறைந்தவரல்லர். தம்மையும் காழிஸாதா ரூமியையும் தவிர மற்றவர்களை அவர் பெரிதாக மதிக்கவில்லை. அரசவை ஒழுங்குகளும் அவருக்குப் பிடிபடவில்லை எனப் பிற்கால நூலாசிரியர் ஒருவர் குறிக்கிறார். உலூக் பேக் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். அவருக்குத் தேவைப்பட்டது அல்காஷியின் அறிவு.

அந்த அறிவு தந்த பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். வானியல் அட்டவணைகள் அனைத்துக்கும் அடிப்படை ஒரு பாகையின் சைன் மதிப்பு. மூன்று பாகையின் மதிப்பை வடிவியல் வழியில் துல்லியமாகக் கண்டுவிடலாம்; ஒரு பாகைக்கு அவ்வழி திறப்பதில்லை. அல்காஷி அதை ஒரு முப்படிச் சமன்பாடாக மாற்றி, விடையை மீண்டும் மீண்டும் அதனுள்ளேயே செலுத்தி, ஒவ்வொரு முறையும் துல்லியத்தைக் கூட்டிக்கொண்டே செல்லும் முறையை வகுத்தார். காழிஸாதாவும் இதே சிக்கலைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஒருவரது வழியை மற்றவர் எடுத்து ஆராய்ந்து தெளிவுபடுத்துவது அங்கு இயல்பாக நடந்தது.

கருவியமைப்பிலும் இதே துணிவைக் காண்கிறோம். 1420களில் எழுந்த வானாய்வுக்கூடத்தில், ஏறத்தாழ 40 மீட்டர் ஆரமுள்ள வட்டவில் ஒன்று வடக்குத் தெற்காக நிறுத்தப்பட்டது. அதன் அடிப்பகுதி பாறையில் குடையப்பட்டிருந்தது. அவ்வளவு பெரிய வில்லில் ஒரு பாகையின் நீளம் சுமார் 70 சென்டிமீட்டர். ஆகவே பாகையின் மிகச் சிறு பகுதியையும் கண்ணால் பிரித்தறிய முடிந்தது.

மத்ரஸாவில் நிகழ்ந்ததாகத் தாஷ்கொப்ருஸாதா தரும் செய்தியொன்றும் உண்டு. உலூக் பேக் ஆசிரியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்ததும், காழிஸாதா பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டார். உடல்நலமில்லையோ என்றெண்ணி ஆட்சியாளரே அவர் இல்லம் சென்று விசாரித்தார். விலக்க முடியாத பதவி என்றெண்ணியே ஆசிரியப் பணியை ஏற்றதாகவும், அது அவ்வாறில்லை என இப்போது தெரிந்துவிட்டதாகவும் காழிஸாதா கூறினார். நீக்கப்பட்டவர் மீண்டும் அமர்த்தப்பட்டார். என் நோக்கில் கடிதத்தைவிட இச்செய்தியே கனமானது. அவையில் மறுத்துப் பேச இடமளித்தது ஆட்சியாளரின் நற்குணம். காழிஸாதா கேட்டதோ, அந்நற்குணம் மாறினாலும் மாறாத பாதுகாப்பு.

அப்பாதுகாப்பு முழுமையாகக் கிட்டவில்லை. அல்காஷி 1429இல் காலமானார். பணி முடியுமுன் காழிஸாதாவும் மறைந்தார். இளையவரான அலீ குஷ்ஜி துணைநின்று முடித்த ‘ஸீஜே சுல்தானி’யின் முன்னுரையில் மூவரின் பங்கையும் உலூக் பேக் பதிவு செய்துள்ளார். தம் பெயர் தாங்கிய நூலில் உடனுழைத்தோரை இவ்வாறு குறிப்பிட அந்நாளைய ஆட்சியாளர் எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கும்? ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்கள் அதில் உள்ளன.

ஹிஜ்ரி 853இல், அதாவது 1449இல், சொந்த மகன் அப்துல் லத்தீபின் ஏற்பாட்டில் உலூக் பேக் கொல்லப்பட்டார். அவருடைய ஆதரவையே நம்பியிருந்த கூடம் பாழடைந்தது. அலீ குஷ்ஜி பின்னர் தப்ரீஸ் வழியாக இஸ்தான்புல் சேர்ந்து, ஆயாசோஃபியா மத்ரஸாவில் பாடம் சொல்லி 1474இல் மறைந்தார். அட்டவணைகள் இன்னும் நெடுந்தொலைவு சென்றன: 1665இல் தாமஸ் ஹைட் அவற்றின் விண்மீன் பட்டியலை ஆக்ஸ்ஃபோர்டில் லத்தீன் மொழிபெயர்ப்புடன் அச்சிட்டார்.

கூடம் இருந்த இடமே மறந்துபோயிற்று. 1908இல் ரஷ்ய ஆய்வாளர் வியாத்கின் பழைய வக்ஃபு ஆவணம் ஒன்றிலிருந்த குறிப்பைத் துணைக்கொண்டு அவ்விடத்தைத் தோண்டினார். பாறையில் குடைந்திருந்த வில்லின் அடிப்பகுதி மண்ணுக்கடியில் அப்படியே இருந்தது.