படத்துக்கு அமர்ந்த கதை



மாணவர்கள் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்ததும், அவர்களுடைய படிவங்கள் அதிபரின் மேசைக்கு வந்து சேர்வது பாடசாலைகளிலே வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாணவி தன் படிவத்தை என்னிடம் நீட்டியபடி மனத்தாங்கலோடு நின்றாள். நேரே பார்க்கச் சொன்னார்களாம். வாயை மூடிக்கொள்ளச் சொன்னார்களாம். சிரிக்கவே கூடாது என்றார்களாம். "இந்தப் படத்தில் இருப்பது நான் இல்லை, சேர்" என்றாள்.

அன்று மாலை வீடு திரும்பியதும், முன் விறாந்தைச் சுவரிலே தொங்கும் பழைய குடும்பப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் என் பாட்டனார் கதிரையிலே விறைப்பாக வீற்றிருக்கிறார். பாட்டியார் அருகில் நிற்கிறார். சுற்றிலும் உறவினர். ஒருவர் முகத்திலும் புன்னகை இல்லை. 'இவர்கள் எல்லாரும் ஏன் கோபமாக இருக்கிறார்கள்?' என்று வீட்டுக்கு வரும் பிள்ளைகள் தவறாமற் கேட்பார்கள். அந்த மாணவியின் குறைக்கும் இப்பிள்ளைகளின் கேள்விக்கும் விடை ஒரே வரலாற்றில் இருக்கிறது. படம் எடுப்பதற்கு மனிதர் எவ்வாறு ஆயத்தமானார்கள் என்ற அந்த வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

1839ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் திகதி, பாரிஸ் மாநகரில் அறிவியற் கழகமும் நுண்கலைக் கழகமும் கூடிய ஓர் அவையிலே, லூயி டகேர் என்பவர் கண்டுபிடித்த முறை உலகுக்கு விளக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயடீன் ஆவியில் வைத்து, பின் கமெராவினுள் ஒளிபடச் செய்து, பாதரச ஆவியினால் உருவை வெளிப்படுத்தும் முறை அது. ஆனால் தகடு ஒளியை ஏற்பதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. அதற்கு முந்திய ஆண்டில் டகேர் பாரிஸ் நகரத்து வீதியொன்றை மாடியிலிருந்து படம் பிடித்தார். வண்டிகளும் மனிதரும் நிறைந்த வீதி அது. படத்திலோ அது வெறிச்சோடிக் கிடக்கிறது. நடந்தவர் எவரும் தகட்டிற் பதியவில்லை. ஓர் ஓரத்தில், சப்பாத்துத் துடைப்பவரிடம் காலை நீட்டியபடி நின்ற ஒருவர் பதிந்துவிட்டார். மனித உருவம் பதிந்த மிகப் பழைய படங்களுள் இதுவும் ஒன்றென்பர். அம்மனிதர் படத்துக்கு ஆயத்தமானவர் அல்லர். அசையாது நின்றார், ஆகையால் நிலைத்தார்.

அதே 1839இல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே ரொபேட் கொர்னீலியஸ் என்னும் இளைஞர் தம் குடும்பத்தின் விளக்குக் கடைக்குப் பின்னால், திறந்த வெளியிலே, தம்மைத் தாமே படம் எடுத்தார். தலைமயிர் கலைந்திருக்க, கைகளை மார்போடு கட்டியபடி, சற்றே சரிந்து பார்க்கிறார். பல நிமிடங்கள் அசைவின்றி நின்றதன் பயன் அப்படம்.

விரைவிலே பெரிய மாற்றங்கள் வந்தன. 1840இல் வியன்னாவில் பெற்சுவால் என்னும் கணித அறிஞர் வகுத்த வில்லை முன்னையதிலும் பன்மடங்கு ஒளியை உள்ளே விட்டது. தகட்டை விரைவுபடுத்தும் இரசாயன முறைகளும் கண்டறியப்பட்டன. இதனால் நிமிடக்கணக்கு வினாடிக்கணக்காகக் குறைந்தது; மனித முகத்தைப் படம் எடுப்பது ஒரு தொழிலாயிற்று. 1841 மார்ச்சிலே லண்டனில், தொழில்நுட்பக் கலைகளைக் காட்சிப்படுத்தும் நிறுவனமொன்றின் கூரைமேல், ரிச்சர்ட் பியேட் என்பவர் படநிலையம் ஒன்றைத் திறந்தார். மின்விளக்கு இல்லாத காலம். சூரியனே விளக்கு. எனவே படநிலையங்கள் மேல்மாடியிலே கண்ணாடிக் கூரையோடு அமைந்தன. படம் எடுக்க விரும்பியவர் முதலிற் பார்க்கவேண்டியது தம் உடையையன்று, வானத்தையே. மழைமுகில் சூழ்ந்த நாளில் வினாடிகள் நீண்டன.

மாடியேறி வந்தவரை ஒரு கதிரையில் இருத்தினார்கள். அவர் தலைக்குப் பின்னால், பார்ப்பவர் கண்ணுக்குப் படாதவாறு, இரும்புத் தாங்கி ஒன்றை நிறுத்தினார்கள். அதன் மேல்முனையில் இருந்த கவை தலையின் பின்புறத்தைத் தாங்கி அசையாது வைத்தது. பழைய படங்களில் நிற்பவர்களின் பாதங்களுக்குப் பின்னே ஓர் இரும்பு அடித்தட்டு தெரிவதை இன்றும் காணலாம். அது இத்தாங்கியின் அடியே. கைகள் நடுங்காதிருக்க மேசைமேலோ புத்தகத்தின்மேலோ வைக்கப்பட்டன. அக்காலப் படங்களிலே காணும் தூண்களும் புத்தகங்களும் அழகுக்காக மாத்திரம் வைக்கப்பட்டவை அல்ல. உடலைத் தாங்குவதற்கும் அவை பயன்பட்டன. இந்நிலையில் எவரால் சிரிக்க முடியும்? ஒரு புன்னகையை வினாடிக்கணக்கில் முகத்திலே நிறுத்திப் பாருங்கள். அது புன்னகையாக இராது.

உடையைப் பற்றியும் ஆலோசனை உண்டு. 1851இல் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டிலே ஈரமான பூச்சைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். அத்தகட்டுக்கு நம் கண்ணுக்குள்ள நிறவுணர்வு இல்லை. நீலம் அதிலே ஏறத்தாழ வெள்ளையாகும். சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும். வெளிர்நீலச் சட்டை அணிந்து வந்தவர் வெள்ளைச் சட்டையோடு வீடு திரும்பினார். பொன்மஞ்சட் பட்டு உடுத்தவர் துக்கம் காப்பவர்போலத் தோன்றினார். முகத்திலுள்ள சிறு செம்புள்ளிகள் கரும்புள்ளிகளாயின. ஆகவே வெள்ளையும் வெளிர்நீலமும் தவிர்த்துக் கடும் நிறத்துத் துணிகளை அணிந்து வருமாறு படக்கலைஞர்கள் சொல்லி வைத்தார்கள். கருவியின் கண் எவ்வாறு காணும் என்பதை அறிந்து உடுத்துவதே அக்கால ஆயத்தம்.

குழந்தைகளின் நிலை இன்னும் கடினமானது. குழந்தைக்கு அசையாதே என்று சொல்ல இயலுமா? எனவே தாய்மாரே கதிரைபோல் அமர்ந்து, தலைமுதல் கால்வரை துணியாற் போர்த்துக்கொண்டு, மடியிலே குழந்தையைப் பிடித்திருந்தார்கள். படத்திலே குழந்தை தெளிவாக இருக்கும். பின்னால் ஒரு துணிக்குவியல் மனித வடிவிலே தெரியும். சில படங்களிலே குழந்தையைப் பற்றியிருக்கும் கை மாத்திரம் வெளியே தெரிகிறது. தன் பிள்ளையின் படம் நிலைக்கவேண்டும் என்பதற்காகத் தன் முகத்தை மறைத்துக்கொண்ட தாய்மாரை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

1854இல் பாரிஸ் நகரத்து டிஸ்டேரி என்பவர் ஒரே தகட்டிற் பல படங்களைப் பதித்து, பெயரட்டை அளவிலே வெட்டி விற்கும் முறைக்கு உரிமம் பெற்றார். படத்தின் விலை வீழ்ந்தது. செல்வரின் சுவரிலே மாத்திரம் தொங்கிய முகப்படம் தபாலிலே போகத் தொடங்கியது. முகம் ஊர் ஊராகச் செல்லத் தொடங்கியதும், அம்முகத்தை ஆயத்தப்படுத்துவது பெரும் விடயமாயிற்று.

1860ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி, நியூயோர்க் நகரிலே மத்தியூ பிரேடியின் படநிலையத்துக்கு ஒரு நெட்டை மனிதர் வந்தார். உயரம் 6 அடி 4 அங்குலம், நீண்ட கழுத்து, குழிந்த கன்னம். அன்றிரவு கூப்பர் யூனியன் மண்டபத்திலே பேச வந்திருந்த ஆபிரகாம் லிங்கன் அவர். அவரை நிற்கவைத்து, ஒரு கையைப் புத்தகங்களின்மேல் வைக்கச் செய்த பிரேடி, சட்டையின் கழுத்துப்பட்டியைச் சற்றே மேலே இழுத்துவிடுமாறு வேண்டினார். தம் கழுத்தைக் குறுக்கப் பார்க்கிறீர்களோ என்று லிங்கன் நகைத்ததாகவும், ஆம் என்று தாம் ஒப்புக்கொண்டதாகவும் பிரேடி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அழகற்றவர் என்று எதிரிகள் ஏளனஞ் செய்த அம்மனிதரின் கம்பீரமான அப்படம் பத்திரிகைகளிலும் தேர்தற் சின்னங்களிலும் இடம்பெற்று நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு நவம்பரிலே அவர் ஜனாதிபதியாகத் தெரிவானார்.

லிங்கனுக்கு ஆயத்தம் ஒரு வெற்றிக்கு உதவியது. அடிமையாகப் பிறந்தவர்களுக்கோ அது மானத்துக்கான போராட்டமாயிற்று. மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பியோடிய பிரெடரிக் டக்ளஸ், அடிமைத்தனத்துக்கு எதிராக முழங்கிய பெரும் பேச்சாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மிகுதியாகப் படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர் அவரே என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 160க்கும் மேற்பட்ட வெவ்வேறு படங்கள் கண்டறியப்பட்டுள்ளன. காரணம் என்ன? வெள்ளையரான ஓவியர்கள் கறுப்பின மக்களை வரையும்போது உறுப்புகளை மிகைப்படுத்தியே வரைகின்றனர் என்பது அவர் குற்றச்சாட்டு. கமெராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று அவர் நம்பினார். ஆகவே நேர்த்தியான மேலங்கியும் கழுத்துப்பட்டியும் அணிந்து, தலையை வாரி, கடுமையான பார்வையோடு அமர்ந்தார். அடிமைகள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று உலகை நம்பச் செய்த கேலிச்சித்திரங்கள் மலிந்த காலம் அது. அங்கே அவர் சிரியாதிருந்ததும் ஒரு வாதமே. சில பத்தாண்டுகளுக்கு முன் மன்னரின் செல்வமும் வாங்கவியலாத படத்தை இன்று ஏழைப் பணிப்பெண்ணும் பெறலாம் என்று 1861இல் அவர் நிகழ்த்திய விரிவுரையொன்றிலே மகிழ்ந்து கூறினார்.

அதே காலத்தவர் சோஜர்னர் ட்ரூத் என்னும் அம்மையார். அவரும் அடிமையாகப் பிறந்தவர், எழுத்தறியாதவர். வெள்ளைத் தொப்பியும் தோளிலே சால்வையும் மூக்குக்கண்ணாடியும் அணிந்து, கையிலே பின்னல் வேலையோடு அமர்ந்து படம் எடுப்பித்தார். மதிப்புள்ள குடும்பத் தலைவியின் கோலம் அது. அவ்வட்டைகளைக் கூட்டங்களிலே விற்றுத் தம் செலவுகளை நடத்தினார். தம் நிழலை விற்றே உடலைப் பேணுவதாக அட்டையின் கீழ் அச்சிடச் செய்ததோடு, 1864இல் அப்படங்களின் உரிமையைத் தம் பெயரிலேயே பதிவும் செய்தார். ஒரு காலத்தில் தம் உடலே பிறருக்கு உடைமையாயிருந்த பெண்மணி, தம் முகத்தின் உரிமையைச் சட்டப்படி தமதாக்கிக்கொண்டார்!

நேயர்களே, இக்கதைக்கு நம் நாட்டிலும் ஓர் அத்தியாயம் உண்டு. புகழ்பெற்ற ஆங்கிலப் படக்கலைஞரான ஜூலியா மார்கரெட் கமெரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் மலைநாட்டிலே காலமாகி, பொகவந்தலாவையிலே அடக்கஞ் செய்யப்பட்டார். களுத்துறையிலே அவர் வீட்டுக்கு மரியன் நோர்த் என்னும் ஓவியர் விருந்தினராக வந்தார். அவருக்குக் கம்பளித் துணிகளைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலைகள் தலையிற் குத்த நடுப்பகல் வெயிலிலே நிறுத்திவிட்டு, இயல்பாக இருக்கும்படி கமெரன் அம்மையார் பணித்தாராம். வெப்பமானி 96 பாகை பரனைற் காட்டியதாம். இதனை நோர்த் நகைச்சுவையோடு எழுதி வைத்திருக்கிறார். அவரால் எழுத முடிந்தது.

அதே களுத்துறையிலே 1878இல் கமெரன் அம்மையார் எடுத்த மற்றொரு படத்தில் ஓர் இளம்பெண்ணும் இரு ஆண்களும் இருக்கின்றனர். படத்தின் பெயர் களுத்துறைக் குடியானவர்கள் என்பதே. அவர்கள் எவ்வாறு ஆயத்தமானார்கள், என்ன உடுத்த விரும்பினார்கள், அப்படத்தைப் பின்னர் கண்டார்களா என்பன அதில் இல்லை. பெயர்களும் இல்லை. டக்ளசும் ட்ரூத்தும் எதற்காக அத்தனை பாடுபட்டார்கள் என்பது எனக்கு இப்படத்தைப் பார்த்தபோதே விளங்கிற்று.

1871இல் ரிச்சர்ட் மடொக்ஸ் அறிமுகப்படுத்திய உலர்தகடு மேன்மேலுந் திருத்தம் பெற்று, படம் எடுக்கும் நேரத்தை ஒரு வினாடிக்குங் கீழே கொண்டு வந்தது. தலைத்தாங்கி மூலையிலே ஒதுங்கியது. கருவியின் கட்டளை நீங்கியும் பழக்கம் உடனே நீங்கவில்லை. படத்துக்கு அமர்வது வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ நிகழும் பெருங்காரியமாயிருந்தது. என் பாட்டனார் கோபத்தினால் விறைத்திருக்கவில்லை. தாம் மறைந்த பின்னரும் தம்மைப் பார்க்கப்போகிறவர்களுக்கு முன்னால் அவர் மரியாதையாக அமர்ந்திருக்கிறார்.

அடுத்த நாள் அம்மாணவியை அழைத்து இதனைச் சொன்னேன். அடையாள அட்டைப் படம் அரசாங்கம் உன்னைக் காண்பதற்கானது. அங்கே கருவியின் ஒழுங்குக்கு நீ இணங்கத்தான் வேண்டும். ஆனால் நீ விரும்பும் கோலத்திலே இன்னொரு படமும் எடுத்து வைத்துக்கொள் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

எனினும் என் வீட்டுப் படத்திலே ஒரு குறை உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது, காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் என் தாயார் அப்படத்தையும் சேலைக்குள் சுற்றி எடுத்துவந்தார். அதன் வலது ஓரத்திலே ஓர் இளம்பெண் நிற்கிறாள். கரையிட்ட சேலை, கையிலே ஒரு சிறு புத்தகம், எவரிலும் பார்க்க நேர்த்தியாக ஆயத்தமாகி நிற்கிறாள். அவள் யார் என்று தாயாரிடம் நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எண்ணியபோது தாயார் இல்லை. இப்போது அறிந்தவர் ஒருவரும் இல்லை.

உங்கள் வீட்டிலும் அத்தகைய படங்கள் இருக்கும். முதியோர் இருக்கும்போதே அருகில் அமர்ந்து, ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு, ஆண்டையும் சேர்த்துப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். அவர்கள் நமக்காக அசையாதிருந்தார்கள். அவர்களுடைய பெயரையாவது நாம் அறிந்திருக்கவேண்டும்.