பெயர் அறியாதவரின் பெயர்

ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் 2ஆம் நாளன்று நாம் கல்லறைத் தோட்டங்களுக்குச் செல்கிறோம். சில நாள் முன்னரே புல்லை அகற்றி, மண்ணை அணைத்து, சுண்ணாம்பு அடித்து, சிலுவையில் மங்கிப்போன எழுத்துகளுக்கு மீண்டும் கறுப்பு வண்ணம் தீட்டி வைக்கிறோம். மாலையில் மெழுகுதிரி ஏற்றி, பூச்சரம் சாத்தி, குருவானவர் வந்து மந்திரித்துச் செல்லும்வரை அங்கேயே நிற்கிறோம். நம்மவர் இன்ன இடத்தில் துயில்கிறார் என்னும் உறுதி துயரத்தினூடே ஓர் ஆறுதலாகிறது.

இந்த ஆறுதலும் கிட்டாத குடும்பங்கள் உலகில் பல உள. போருக்குச் சென்ற மகன் இறந்தானா, பகைவர் சிறையில் கிடக்கிறானா என்று அறியாமல் ஆண்டுகளை எண்ணும் பெற்றோருக்குத் திரி ஏற்ற ஒரு கல்லறை இல்லை. நம்பிக்கையைக் கைவிடவும் மனம் வருவதில்லை. அத்தகையோர்க்கு, அம்மகனைப் போருக்கு அனுப்பிய அரசு பட்டிருக்கும் கடன் யாது? வீர வணக்கமும் பதக்கமும் அக்கடனைத் தீர்த்துவிடுமா? ஐக்கிய அமெரிக்க நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் இவ்வினாவுக்குத் தெளிவான விடையொன்று கிடைக்கிறது.

அந்நாட்டின் தலைநகர் அருகே ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டம் உள்ளது. அங்கே 1921ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், முதல் உலகப் போரில் மாண்டு, இன்னார் என்று அறியப்படாத வீரர் ஒருவர் அடக்கம் செய்யப்பட்டார். அவரது பளிங்குக் கல்லறையின்மீது, இறைவன் ஒருவருக்கே தெரிந்தவர் இவர் என்னும் பொருள்பட ஒரு வாசகம் பொறிக்கப்பட்டது. 1958இல் இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் மாண்ட இருவர் அவரருகே அடக்கம் பெற்றனர். 1937 முதல் அவ்விடத்தில் இரவும் பகலும் காவல் வீரர்கள் நடை பயில்கின்றனர்.

வியட்நாம் போருக்கும் அவ்வாறே ஒருவரை அடக்கம் செய்யவேண்டும் என்று 1973இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அதற்குள் அறிவியல் வளர்ந்துவிட்டது. மீட்கப்பட்ட உடல்களுள் அடையாளம் காண முடியாதவை மிகச் சிலவே. பதினோர் ஆண்டுகள் கழிந்தன. முன்னாள் படைவீரர்கள் வற்புறுத்தினர். இறுதியில், 1984 மே 28ஆம் நாள், குடியரசுத் தலைவர் ரீகன் முன்னிலையில் வியட்நாம் போரின் பெயர் அறியாப் படைவீரர் அடக்கம் செய்யப்பட்டார். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவருக்குச் சூட்டப்பட்டது. காணாமற்போனோரைத் தேடும் பணி ஓயாது என்று ரீகன் அன்று குடும்பங்களுக்கு உறுதியளித்தார்.

அன்று அப்பேழைக்குள் இருந்தவை ஆறு எலும்புகள் மட்டுமே. அவை ஒருகாலத்தில் ஒரு பெயரைத் தாங்கியிருந்தன.

மைக்கேல் பிளாசி என்பவர் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்தவர். இயேசு சபையினரின் பள்ளியில் பயின்று, பின்னர் வான்படைக் கல்விக்கழகத்தில் தேறி, விமானியாகி வியட்நாம் சென்றவர். 1972 மே 11ஆம் நாள், ஆன் லாக் என்னும் ஊரின் அருகே அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அப்போது அவருக்கு வயது 24. அப்பகுதி பகைவர் வசம் இருந்தமையால் உடலை மீட்க இயலவில்லை என்று பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டது.

ஏறத்தாழ ஐந்து திங்கள் கழித்து, தென் வியட்நாம் படையினர் அவ்விடத்தை அடைந்தனர். சில எலும்புகளும், வான்குடையின் துண்டுகளும், விமானியின் உடைப் பகுதியும், பிளாசியின் அடையாள அட்டையும் அவர்களுக்குக் கிடைத்தன. வழியிலேயே அடையாள அட்டை காணாமற்போயிற்று. எனினும் எலும்புகள் வைக்கப்பட்ட பெட்டியில், பிளாசி என நம்பப்படுகிறது என்னும் குறிப்பு எழுதப்பட்டது. அவை ஹவாய்த் தீவிலுள்ள படைத்துறை ஆய்வகத்தைச் சென்றடைந்தன. 1980இல் அங்கே, எலும்புகளைக் கொண்டு கணித்த வயதும் உயரமும் பிளாசிக்குப் பொருந்தவில்லை என்று கூறி, அப்பெயரை நீக்கி, எக்ஸ்-26 என்னும் எண்ணை இட்டனர்.

அக்கால அறிவியல் தவறியிருக்கலாம். அதற்காக நாம் எவரையும் பழிக்க வேண்டியதில்லை. நம்மை வருத்துவது வேறொன்று. எலும்புகள் கிடைத்த செய்தியையோ, அவற்றின்மேல் தம் மகனின் பெயர் எழுதப்பட்டிருந்ததையோ, பின்னர் அப்பெயர் அடிக்கப்பட்டதையோ, பிளாசியின் குடும்பத்திற்கு ஒருவரும் தெரிவிக்கவில்லை. இறைவன் ஒருவருக்கே தெரிந்தவர்களின் நடுவே வைக்கப்பட்ட அவ்வீரரின் பெயர், அரசின் கோப்பு ஒன்றிலும் இருந்தது.

இந்த மௌனம் புதியதன்று. வியட்நாம் போரின் தொடக்கத்திலிருந்தே, சிறைப்பட்டோர், காணாமற்போனோர் ஆகியோரின் மனைவியரிடம், யாரிடமும் பேசாதீர்கள், பேசினால் உங்கள் கணவருக்குத்தான் தீங்கு என்றே அதிகாரிகள் அறிவுறுத்தி வந்தனர். சிபில் ஸ்டாக்டேல் என்னும் பெண்மணி அந்த மௌனத்தை உடைத்தவர்களுள் முதன்மையானவர். அவருடைய கணவர் ஜேம்ஸ் ஸ்டாக்டேல் கடற்படை விமானி. 1965 செப்டம்பரில் வட வியட்நாமில் சிறைப்பட்டவர். தம்மைப் போன்ற மனைவியரைத் தம் இல்லத்தில் கூட்டி, ஒருவர் துயரை மற்றவர் பகிர்ந்துகொள்ளச் செய்த அவர், 1968இல் செய்தித்தாளில் வெளிப்படையாகப் பேசினார். 1969 மே திங்களில் அரசும் தன் கொள்கையை மாற்றிக்கொண்டு, சிறைப்பட்டோர் துன்புறுத்தப்படுவதை உலகறியக் கண்டித்தது. 1970 மே 28ஆம் நாள் அக்குடும்பங்களின் தேசிய அமைப்பு முறைப்படி பதிவாயிற்று. காணாமற்போனவரின் பெயர் பொறித்த உலோகக் காப்புகளை இலட்சக்கணக்கான மக்கள் கையில் அணிந்தனர்.

1973 சனவரி 27ஆம் நாள் பாரிசில் அமைதி உடன்பாடு கையெழுத்தாயிற்று. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை 591 அமெரிக்கர் சிறையினின்று மீண்டனர். ஜேம்ஸ் ஸ்டாக்டேலும் அவர்களுள் ஒருவர். ஆயின் 2,646 பேர் என்ன ஆனார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அவர்களுட் பெரும்பாலோர் இறந்துவிட்டனர் என்று அரசு கருதியது. எதைக் கொண்டு அவ்வாறு கருதுகிறீர்கள், அந்தத் தாள்களைக் காட்டுங்கள் என்று குடும்பங்கள் கேட்டன. தாள்கள் மூடியே இருந்தன.

உண்மை மறைக்கப்படும் இடத்தில் வதந்தி குடியேறும். வியட்நாமியக் காடுகளில் அமெரிக்கர் இன்னும் உயிரோடிருப்பதாகக் கதைகள் பரவின. திரைப்படங்கள் அவற்றை விற்றுப் பொருளீட்டின. தாய்மாரின் நம்பிக்கையைப் பணமாக்கும் ஏமாற்றுக்காரரும் தோன்றினர். 1991இல் மூன்று விமானிகள் உயிரோடு நிற்பதாக ஒரு நிழற்படம் வெளிவந்து நாட்டையே உலுக்கிற்று. அது போலியானதென்று பின்னர்த் தெரிந்தது. அரசியல்வாதிகளுள்ளும் இத்துயரைத் தம் நோக்கத்திற்குப் பயன்படுத்திக்கொண்டோர் இருந்தனர்.

1991இல் செனட் சபை ஒரு தனிக்குழுவை அமைத்தது. வியட்நாமில் போரிட்ட ஜான் கெர்ரி அதன் தலைவர். அங்கே ஐந்தாண்டுகளுக்கு மேல் சிறையிருந்த ஜான் மெக்கெயின் அதன் உறுப்பினர். அக்குழுவின் முயற்சியால் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பக்கங்கள் திறந்து வைக்கப்பட்டன. தென்கிழக்கு ஆசியாவில் எவரும் இன்னும் சிறையில் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்கும் வலுவான சான்று இல்லை என 1993 சனவரியில் அது அறிவித்தது. பல குடும்பங்களுக்கு இது கசப்பான முடிவு. ஏற்க மறுத்தோரும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஆவணங்களைத் திறந்து காட்டியிருந்தால், இத்தனை காலம் பொய்யான நம்பிக்கையில் அவர்கள் தேய்ந்திருக்க வேண்டுமா என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது.

பிளாசியின் பெயரை வெளிக்கொணர்ந்ததும் இவ்வாறு விடாது கேட்டவர்களே. 1994இல் முன்னாள் படைவீரர் ஒருவர், ஆர்லிங்டனில் துயில்பவர் பிளாசியாக இருக்கலாம் என்று சான்றுகளுடன் எழுதினார். குடும்பத்தினர் படைத்துறையை அணுகியபோது பயன் விளையவில்லை. 1998 சனவரியில் தொலைக்காட்சிச் செய்தி நிறுவனம் ஒன்று கோப்புகளைத் துருவி அதே முடிவை வெளியிட்டது. வயது முதிர்ந்த தாய் தம் மகனைக் கேட்டார்.

புனிதமான அக்கல்லறையைத் திறப்பது தகாது என்று வாதிட்டோரும் இருந்தனர். எனினும் பாதுகாப்புத் துறைச் செயலர் வில்லியம் கோஹென் ஆணையிட, 1998 மே 14ஆம் நாள் கல்லறை திறக்கப்பட்டது. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வந்து சேரும் ஒருவகை மரபுக்கூறு நம் உடலின் உயிரணுக்களில் உண்டு, மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. என்பர். எலும்பிலிருந்து எடுத்த அக்கூற்றைத் தாயின் குருதியோடும் சகோதரியின் குருதியோடும் ஒப்பிட்டனர். இரண்டும் ஒன்றே. சூன் 30ஆம் நாள் அறிவிப்பு வந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக அரசு சொல்லாததைத் தாயின் குருதி சொல்லிற்று.

சூலை 11ஆம் நாள், செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள படைவீரர் கல்லறைத் தோட்டத்தில், தம் பெயர் பொறித்த கல்லின்கீழ் மைக்கேல் பிளாசி அடக்கம் பெற்றார். அவருடைய தந்தை இவ்வுண்மையை அறியாமலே இறந்துபோயிருந்தார். பெயர் அறியாதவருக்கு அளிக்கப்பட்ட உயர்ந்த பதக்கம், அஃது அடையாளச் சின்னத்திற்கே உரியது என்னும் காரணத்தால், பிளாசிக்கு வழங்கப்படவில்லை. பதக்கம் போயிற்று, மகன் வந்தான். ஆர்லிங்டனில் அவ்விடம் இன்றும் வெறுமையாகவே உள்ளது. காணாமற்போன வீரர்கள்பால் நாடு நம்பிக்கை தவறாது என்னும் பொருள் தரும் வாசகம் 1999இல் அதன்மேல் பொறிக்கப்பட்டது. முன்பு அங்கே நிகழ்ந்த எந்தச் சடங்கைக் காட்டிலும் இவ்வெறுமை நேர்மையானது என்றே நாம் கருதுகிறோம்.

இவ்வரலாற்றை ஒரு நாட்டின் கண்ணீராக மட்டும் எண்ணுதல் தகாது. அப்போரில் காணாமற்போன வியட்நாமியர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். அவர்தம் தாய்மாருக்குச் செனட் குழு இல்லை; ஆய்வகங்களும் நெடுங்காலம் இல்லை. ஆயினும் 1988 முதல் வியட்நாமியர் அமெரிக்கரோடு இணைந்து, தம் வயல்களிலும் மலைகளிலும் அமெரிக்கரின் எலும்புகளைத் தேடி வந்துள்ளனர். 2001 ஏப்ரல் 7ஆம் நாள், இப்பணிக்குச் சென்ற ஹெலிகாப்டர் மலையில் மோதியதில் ஒன்பது வியட்நாமியரும் ஏழு அமெரிக்கரும் ஒருங்கே மாண்டனர். வியட்நாமியரின் உடல்களை அடையாளம் காண உதவுவதாக அமெரிக்கா உடன்படிக்கை செய்துகொண்டது 2021இல்தான். காலம் கடந்ததாயினும் இது நீதியே. அமெரிக்கர் பட்டியலில் இன்று எஞ்சியிருப்போர் 1,600க்கும் குறைவு.

நம் நாட்டிற்கும் இத்தகைய பட்டியல் ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டுப் போருக்குப்பின் ஏறத்தாழ 93,000 பேரை இந்தியா பாகிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பியது. ஆனால் நம் வீரர் 54 பேர் பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக அவர்தம் குடும்பத்தார் நம்பினர். அவ்வாறு எவரும் இல்லை என்று அந்நாடு மறுத்து வந்துள்ளது. 1983இலும் 2007இலும் உறவினர் அங்கே சென்று தேடினர், வெறுங்கையோடு மீண்டனர். தம் உறவினர் என்ன ஆனார் என்று அறியும் உரிமை குடும்பங்களுக்கு உண்டு என்று, ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறையின் 32ஆம் பிரிவு கூறுகிறது. பலருடைய தாயும் தந்தையும் அவ்வுரிமையைப் பெறாமலே மறைந்தனர்.

சாமுவேல் இரண்டாம் நூலில் இரிஸ்பா என்னும் தாயைக் காண்கிறோம். அவளுடைய மைந்தர் இருவரைக் கொலைக்கு ஒப்புவித்தவர் தாவீது அரசரே. அவள் பாறையின்மேல் சாக்குத்துணி விரித்து, அறுவடைத் தொடக்கம் முதல் மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளும் இரவில் விலங்குகளும் அவ்வுடல்களை அணுகாதபடி காத்திருந்தாள். அச்செய்தி அரசரின் செவிக்கு எட்டியது. அவர் எலும்புகளைத் திரட்டி, முறைப்படி அடக்கம் செய்வித்தார். அவள் கையில் படையும் பதவியும் இல்லை. பாறையைவிட்டு அகலாமல் இருந்ததே அவள் செய்தது.

வரும் நவம்பரில் நம்மவரின் சிலுவையில் எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டும்போது, எழுதப்படாத பெயர்களுக்காகவும் ஒரு திரி ஏற்றுவோம். அப்பெயர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும் தாய்மாரைப் பழைய புண்ணைக் கிளறுவோர் என்று எவரேனும் சொல்லும்போது, அவர்கள் பக்கம் நிற்போம்.