பந்தயத் தடத்தின் வாசலோடு நின்றுவிடும் காப்புறுதி

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அக்காவிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அவரது மகன், அதாவது என் மருமகன், நண்பர்களோடு நூர்பேர்க்ரிங் பந்தயத் தடத்தில் கார் ஓடப் போயிருந்தான். மழை ஈரத்தில் ஒரு வளைவில் கார் வழுக்கி, இரும்புத் தடுப்பு வேலியில் மோதிவிட்டது. அவனுக்குத் தோளில் சிராய்ப்பு மட்டுந்தான். கார் திருத்த முடியாத நிலை.

உயிருக்கு ஒன்றுமில்லை என்றதும் எனக்கு மூச்சு வந்தது. "காருக்கு முழுக் காப்புறுதி இருக்குத்தானே, யோசிக்காதேங்கோ" என்று அக்காவுக்கு நானே ஆறுதல் சொன்னேன். அது பிழை என்பது மூன்று கிழமைகளின் பின் வந்த கடிதத்தில் தெரிந்தது. காருக்கான இழப்பீட்டைக் காப்புறுதி நிறுவனம் மறுத்துவிட்டது. வங்கிக் கடனோ இன்னும் மூன்று வருடங்களுக்கு மேல் இருந்தது. அந்தக் கடனுக்குப் பிணை நின்றவர் அக்கா. யுத்தத்தில் கணவரை இழந்து, மூன்று வயதுப் பிள்ளையோடு ஜேர்மனிக்கு வந்து, இருபது வருடங்களாக அலுவலகங்களைத் துப்புரவு செய்து உழைக்கிறவர்.

அந்தக் கடிதத்தை விளங்கிக்கொள்ள நான் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன். ஜேர்மனி, பிரித்தானியா, கனடா என்று எமது பிள்ளைகள் நல்ல கார்கள் வாங்கி ஓடும் காலம் இது. அந்தக் கார்களுக்குப் பிணை நிற்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்தான்.

அது றோட்டா, பந்தயத் தடமா?

"மாமா, நான் ரேஸ் ஓடேல்லை. காசு கட்டி எல்லாரும் ஓடுற றோட்டிலதான் ஓடினனான்" என்றான் மருமகன். அவன் சொன்னதில் உண்மை இருந்தது.

நூர்பேர்க்ரிங், ஜேர்மனியின் மேற்கே ஐஃபெல் மலைப்பகுதியில் இருக்கிறது. 1927 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. அதன் பழைய வடக்குச் சுற்று 20.8 கிலோமீற்றர் நீளமானது. காட்டுக்குள் ஏறி இறங்கி வளைந்து செல்லும் பாதை அது. பல இடங்களில் தார் ஓரத்துக்கும் இரும்பு வேலிக்கும் இடையில் சிறு புல் தரை மட்டுமே இருக்கும். 1976 ஓகஸ்ட் 1ஆம் திகதி நிக்கி லவுடா தீக்காயமடைந்த விபத்து இங்குதான் நடந்தது. அதன்பின் ஃபோர்முலா 1 போட்டிகள் வடக்குச் சுற்றுக்குத் திரும்பவில்லை.

ஆனால் போட்டிகள் இல்லாத நாட்களில் இந்தப் பாதை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. கட்டணம் செலுத்திச் செல்லும் ஒருவழிப் பாதையாக அது இயங்குகிறது. ஜேர்மன் வீதிச் சட்டம் அங்கும் செல்லும். சாரதி அனுமதிப்பத்திரமும் வீதியில் ஓடப் பதிவு செய்த வாகனமும் வேண்டும். இடப்பக்கமாக மட்டுமே முந்தலாம். நேரம் அளந்து ஓடத் தடை. சட்டத்தின் பார்வையில் இது பந்தயம் அல்ல. ஜேர்மன் மொழியில் இதற்கு 'சுற்றுலா ஓட்டம்' என்ற கருத்தில்தான் பெயரே இருக்கிறது.

ஆகவே காப்புறுதியும் வீதியில் போலவே செல்லும் என்று இளைஞர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பாதி சரி. மற்றப் பாதிதான் குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது.

இரண்டு காப்புறுதிகள், இரண்டு விடைகள்

ஜேர்மனியில் ஒரு காருக்கு அடிப்படையில் இரண்டு வகைக் காப்புறுதிகள் உண்டு. முதலாவது 'ஹாஃப்ட்ப்ஃளிக்ட்'. இது நாம் மற்றவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கானது. ஊரில் மூன்றாந் தரப்புக் காப்புறுதி என்போமே, அதுதான். சட்டப்படி கட்டாயமானது. உடற்காயங்களுக்கு இதன் குறைந்தபட்ச எல்லை 75 இலட்சம் யூரோ.

இந்தக் காப்புறுதி விலக்கி வைப்பது, அதிகூடிய வேகத்தை எட்டுவதே நோக்கமாக அதிகாரிகளின் அனுமதியோடு நடக்கும் போட்டிகளையும் அவற்றுக்கான பயிற்சி ஓட்டங்களையும். சுற்றுலா ஓட்டம் அப்படியான போட்டி அல்ல என்பதால், அங்கே நாம் இன்னொருவரின் வாகனத்தில் மோதினாலோ வேலியைச் சேதப்படுத்தினாலோ பொதுவாக இது கைகொடுக்கும். மருமகன் உடைத்த வேலிக்கான பெரிய தொகையை அந்த நிறுவனமே செலுத்தியது. ஆனால் விபத்தில்லாமல் ஓடிய வருடங்களுக்காகக் கிடைத்த கழிவு குறைந்து, அடுத்த வருடக் கட்டணம் ஏறியது.

இரண்டாவது 'காஸ்கோ'. இது நமது சொந்தக் காருக்கானது. இதில் முழுமையானதை 'ஃபோல்காஸ்கோ' என்பார்கள். நாம் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்வது இதைத்தான். அந்த 'முழு' என்ற சொல்தான் எங்களை ஏமாற்றியது.

ஜேர்மன் காப்புறுதி நிறுவனங்களின் சங்கம் வெளியிடும் மாதிரி நிபந்தனைகளில், காஸ்கோ பகுதிக்குள் ஒரு வசனம் இருக்கிறது. அதன் கருத்து இது: மோட்டார் பந்தயத் தடங்களில் ஓடும் எந்த ஓட்டத்துக்கும் காப்புறுதி இல்லை, வேகம் நோக்கமாக இல்லாவிட்டாலும் இல்லை. உதாரணமாகச் சுற்றுலா ஓட்டத்தையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு நிறுவனமும் இந்த மாதிரியை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. பழைய ஒப்பந்தங்கள் சிலவற்றில் இந்த வசனம் இருக்காது. மருமகனின் பத்திரத்தில் இருந்தது. நாங்கள் ஒருவரும் வாசிக்கவில்லை.

அதே வசனத்தின் முடிவில் ஒரு விதிவிலக்கும் உண்டு. பாதுகாப்பாக ஓடுவதைக் கற்பிக்கும் பயிற்சிகளுக்குக் காப்புறுதி செல்லும். ஈரத் தரையில் பிரேக் பிடிப்பது, வழுக்கும் காரைக் கட்டுப்படுத்துவது போன்றவற்றை ஆசிரியரின் கீழ் பழகும் வகுப்புகள் இவை. நூர்பேர்க்ரிங்கிலேயே அப்படியொரு பயிற்சி நிலையம் இருக்கிறது. வேகத்தில் ஆசையுள்ள பிள்ளையை அங்கு அனுப்பியிருக்கலாம் என்று பிறகுதான் யோசித்தேன்.

காரோடு முடியாத செலவுகள்

தடத்தில் விபத்து நடந்தால் அதை அறிவிக்க வேண்டியது கட்டாயம். பிறகு பட்டியல் வரும். காரை இழுத்து வந்த செலவு, பாதுகாப்பு வாகனம் வந்த செலவு, சிந்திய எண்ணெயைத் துடைத்த செலவு, வேலியின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு தூணுக்குமான விலை, பாதையை மூடிவைத்த நேரத்துக்கான கட்டணம். இதில் எதைக் கட்டாயக் காப்புறுதி ஏற்கும், எதை நாம் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தத்தையும் சம்பவத்தையும் பொறுத்தது. இழுத்து வந்த செலவு எங்கள் தலையில் விழுந்தது.

கார் லீசிங்கிலோ வாடகையிலோ எடுத்தது என்றால் நிலைமை இன்னும் கடினம். அந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தடத்தில் ஓடுவதையே தடைசெய்கின்றன. காப்புறுதி மறுக்கப்பட்டால், காரின் முழு மதிப்பையும் ஓட்டியவரிடமே கேட்பார்கள்.

மற்ற நாடுகளில்

பிரித்தானியாவில் கார்க் காப்புறுதிப் பத்திரங்கள் பல, பந்தயத்தோடு 'ட்ராக் டே' எனப்படும் பொழுதுபோக்குத் தட ஓட்டங்களையும் விலக்குகின்றன. சில பத்திரங்கள் நூர்பேர்க்ரிங்கைப் பெயர் குறிப்பிட்டே விலக்குகின்றன. லண்டனிலிருந்து கப்பலில் காரை ஏற்றிக்கொண்டு அங்கே போகும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாளுக்கு மட்டும் செல்லும் தனிக் காப்புறுதியை அங்கு வாங்கலாம். ஆனால் அது பொதுவாக நமது காரின் விபத்துச் சேதத்துக்கு மட்டுமே. இயந்திரம் தானாகப் பழுதானால் செல்லாது. முதலில் நாமே பொறுக்க வேண்டிய தொகையும் பெரிது. மற்றவருக்கு நேரும் காயமோ சேதமோ அதில் அடங்காமல் இருக்கலாம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ வாகனத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டமே வகுத்த நிபந்தனைகளில் ஒன்று. இலங்கையிலும் முழுக் காப்புறுதிப் பத்திரங்களில் பந்தயமும் வேகச் சோதனையும் பொதுவாக விலக்கப்பட்டவை. லீசிங்கில் வாகனம் எடுத்த ஊர் உறவுகளும் அந்தப் பக்கத்தைத் தேடி வாசிப்பது நல்லது.

தனியார் காணிக்குள் நடக்கும் விபத்துக்குக் கட்டாயக் காப்புறுதி வேண்டுமா என்ற கேள்வி ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. ஸ்லோவேனியாவில் ஒரு களஞ்சியத்தில் பின்னால் வந்த உழவு இயந்திரத்தின் பெட்டி ஏணியில் மோதி, ஏணியில் நின்றவர் விழுந்தார். அந்த வழக்கில் 2014 செப்டெம்பரில் வந்த தீர்ப்பு, வீதி மட்டுமல்ல, வாகனம் அதன் வழமையான தொழிலைச் செய்யும் எந்த இடமும் அடங்கும் என்றது. அப்படியானால் பந்தயத் தடங்களும் அடங்குமே என்று மோட்டார் விளையாட்டுத் துறை கலங்கியது. பிரித்தானியா 2022இல் தனிச் சட்டம் இயற்றி அந்தத் தீர்ப்பைத் தன் சட்டத்திலிருந்து நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் வெளியிட்ட பணிப்புரையில், எல்லையிடப்பட்ட இடத்தில் நடக்கும் மோட்டார் விளையாட்டுகளை விலக்கி, பதிலாக ஏற்பாட்டாளர் வேறு காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்றது. இவை அனைத்தும் பாதிக்கப்படும் மற்றவரைப் பற்றியவை. நமது காரை எந்தச் சட்டமும் காப்பாற்றாது. அதை ஒப்பந்தம் மட்டுமே தீர்மானிக்கும்.

போவதற்கு முன்

- காப்புறுதிப் பத்திரத்தில் 'எவற்றுக்குக் காப்புறுதி இல்லை' என்ற பகுதியை முதலில் வாசியுங்கள். பந்தயம், தடம், பயிற்சி ஆகிய சொற்களைத் தேடுங்கள்.
- போகும் தடத்தின் பெயரையும் திகதியையும் எழுதி, காப்புறுதி செல்லுமா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் 'ஓம்' பின்னர் உதவாது.
- மற்றவருக்கான சேதத்தையும் நமது காருக்கான சேதத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள்.
- கடன், லீசிங், வாடகை ஒப்பந்தங்களையும் பாருங்கள்.
- தட வாசலில் தரும் பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். எந்தப் பொறுப்பை நம்மீது சுமத்துகிறார்கள் என்பது அதில் இருக்கும்.
- விபத்து நடந்தால் உள்ளதை உள்ளபடி அறிவியுங்கள். வேறு வீதியில் நடந்ததாகச் சொல்வது மோசடிக் குற்றம்.
- மறுப்புக் கடிதம் வந்தால், எந்த நிபந்தனையின் கீழ் மறுத்தார்கள் என்று பார்த்து, சட்ட ஆலோசனை பெறுங்கள். ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் காப்புறுதிப் பிணக்குகளை விசாரிக்கும் குறைகேள் அமைப்புகள் உண்டு. நுகர்வோர் அங்கு கட்டணமின்றி முறையிடலாம்.

நாங்களும் அந்தக் கடிதத்தோடு ஒரு சட்டத்தரணியிடம் போனோம். அவர் ஐந்து நிமிடம் வாசித்துவிட்டு, வசனம் தெளிவாக இருக்கிறது, வழக்காடிச் செலவழிக்க வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "தம்பி, இதில நான் எங்க கையெழுத்து வைச்சனான்?"

கடன் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். முகாமில் பதிந்தபோதும், அகதி விண்ணப்பத்திலும், வேலை ஒப்பந்தத்திலும் அப்படித்தான் கையெழுத்திட்டதாகச் சொன்னார். அப்போது வாசிக்க மொழியும் தெரியாது, மறுக்க வழியும் இருக்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துப் பழகிவிட்டோம். இன்று எங்கள் வீடுகளில் அந்த மொழியை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை உட்கார்த்தி, தாய்க்கு விளங்கும் தமிழில் ஒவ்வொரு பக்கமாகச் சொல்லவைக்கலாம்.

மருமகன் இப்போது பேருந்தில் வேலைக்குப் போகிறான். மாதம் முதலாம் திகதி கடன் தவணையை அவனே கட்டுகிறான். அக்கா இன்னும் பின்னேர வேலையை விடவில்லை.