பயணியும் பத்திரமும்

ஹிஜ்ரி 726ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1326இல், தாஞ்சியர் நகரத்து இளைஞர் ஒருவர் எகிப்திலிருந்து ஷாம் தேசம் நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். வயது 22. வீட்டை விட்டுப் புறப்பட்டபோது அவருக்குத் துணைவரும் இல்லை, சேர்ந்து செல்ல ஒரு வணிகக் கூட்டமும் இல்லை. பிற்காலத்தில் உலகம் இப்னு பதூதா என்று அறிந்துகொண்ட அந்த இளைஞர், சினாய்ப் பாலையின் வழியில் கத்யா என்னும் சாவடியை அடைந்தார். எகிப்தின் அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஷாமுக்கும், ஷாமின் பத்திரம் இல்லாமல் எகிப்துக்கும் அங்கே எவரும் கடக்க முடியாது. மக்களின் உடைமைக்குப் பாதுகாப்பு, இராக்கிலிருந்து வரும் ஒற்றர்களுக்குத் தடை என்று இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. மூன்றாவதொரு காரணத்தை எவரும் சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சாவடியின் ஒரு நாள் வருமானம் 1,000 பொன் தீனார் என்று அவரே குறித்து வைத்திருக்கிறார்.

பாலையில் மதில் கட்ட இயலாது. ஆகவே இரவு வந்ததும் பாதையின் மணலைச் சுவடின்றித் தேய்த்துச் சமன் செய்துவிடுவார்களாம். விடிந்ததும் அதிகாரி வந்து பார்ப்பார். ஒரு காலடி தென்பட்டாலும் அந்தப் பக்கத்து அரபிகளை ஏவிவிடுவார். அவர்கள் ஆளைப் பிடித்து வந்தே தீருவார்கள். இன்று கண்விழியையும் கைரேகையையும் கருவியில் பதிவு செய்கிறார்கள். அன்றைய மக்களுக்கு மணலே போதுமானதாக இருந்தது.

பயணிக்குப் பத்திரம் வேண்டும் என்னும் சட்டம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் முத்திரை அதிகாரிக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. ஒரு மாஷகம் கட்டணம் செலுத்தி முத்திரைச் சீட்டுப் பெற வேண்டும். சீட்டின்றிச் சென்றால் 12 பணம் தண்டம். காவிரிப்பூம்பட்டினத்தில் இறங்கிய சரக்குகளின் மீது சோழனின் புலிமுத்திரை இடப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஆனால் அது பொருளுக்கு இட்ட முத்திரையே, ஆளுக்கு இட்டதன்று.

சொல்லைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். கடவுச்சீட்டை அரபியில் ‘ஜவாஸ்’ என்பர். கடந்து செல்லுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. நம் ஃபிக்ஹு நூல்களில் ஓயாமல் வருகின்ற ‘ஜாயிஸ்’, அதாவது ‘ஆகும்’, ‘கூடும்’ என்பதும் அதே வேருக்கு உரியது. தமிழிலும் ‘கடவு’ என்றால் வழி. ஆக, இரு மொழிகளும் ஒருவரை ஒருவர் கேளாமலே ஒன்றையே சொல்லியிருக்கின்றன. ‘விசா’ என்பது இலத்தீன். ‘பார்க்கப்பட்டது’ என்று பொருள். ஒருவர் பார்த்தார், கையெழுத்திட்டார் என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் வாக்களிக்கவில்லை.

இஸ்லாமியச் சட்டத்தில் இதற்கு நிகரானது ‘அமான்’ என்னும் அபயம். அந்நிய நாட்டிலிருந்து வருபவருக்கு அடைக்கலம் தந்து, அவருடைய உயிருக்கும் பொருளுக்கும் பொறுப்பேற்றுக்கொள்வது அது. அதைத் தரும் உரிமை அரசருக்கு மட்டுமே உரியதாக இருக்கவில்லை என்பதே வியப்பு. மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரலி) அவர்கள் தம் கணவர்வழி உறவினருக்கு அபயம் தந்தார்கள். அவர்களுடைய சகோதரர் அலீ (ரலி) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. வழக்குப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் சென்றபோது, அந்த அம்மையார் தந்த அபயமே நிலைநிறுத்தப்பட்டது. இல்லத்தில் இருந்த ஒரு பெண்மணியின் சொல்லே விசாவாக இருந்த காலம் அது. அமான் இருபக்கமும் கட்டுப்படுத்துவது என்பதையும் மறக்கலாகாது. அபயம் பெற்று நுழைந்தவன் அந்நாட்டாருக்கு வஞ்சனை செய்வது ஹராம் என்று சட்ட அறிஞர்கள் எழுதி வைத்துள்ளனர். இன்றைய விசாவையும் இவ்வகையில் சேர்த்தே ஆலிம்கள் பேசுகின்றனர்.

இப்னு பதூதாவிடம் திரும்புவோம். ஹிஜ்ரி 734 முஹர்ரம் முதல் நாள், கி.பி. 1333 செப்டம்பரில், அவர் சிந்து நதியை அடைந்தார். அப்போது டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சி. புதிதாக வருபவர் யார், எப்படிப்பட்ட தோற்றம், என்ன உடை, எத்தனை பணியாட்கள், எத்தனை விலங்குகள் என்றெல்லாம் எழுதி அஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். சாதாரணமாக 50 நாள் பிடிக்கும் வழியை அந்த அஞ்சல் ஐந்தே நாளில் கடந்துவிடும். சுல்தானின் ஆணை வரும்வரை பயணி முல்தானில் காத்திருக்க வேண்டும். அங்கே கேட்கப்பட்ட கேள்விதான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. “இங்கேயே தங்குவதற்காக வந்தீரா?” என்பதே அது. தங்க வந்தவரைத்தான் மேலே செல்ல விடுவார்கள். தங்குவேன் என்று இப்னு பதூதா கூறியதும் காழியையும் சாட்சிகளையும் வரவழைத்து, அவர் பெயரால் உறுதிப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். தோழர்களில் சிலர் எழுதித்தர மறுத்துவிட்டனர்.

பின்னர் அவர் சீனத்துக்குப் போன கதையும் உண்டு. அங்கு உண்மையிலேயே சென்றாரா என்பதில் அறிஞர்களிடையே ஐயம் உளது. எனினும் செய்தி சுவையானது. அந்நியர்களை அவர்கள் அறியாமலே ஓவியர்கள் வரைந்து, படத்தைக் கடைத்தெருவில் ஒட்டிவிடுவார்களாம். குற்றம் செய்து ஓடினால் ஊர்தோறும் படம் செல்லும். விடுதிகளில் இரவில் பெயர்களை எழுதிக் கதவைப் பூட்டி, காலையில் பெயர் சொல்லி எண்ணிப் பார்ப்பார்கள் என்றும் சொல்லப்பட்டுள்ளது. வெள்ளைப் பின்னணியில், காது தெரியும்படி புகைப்படம் எடுத்துவரச் சொல்லும் இன்றைய வழக்கத்துக்கு அதுவே மூத்த பாட்டனார் போலும்.

இனி நம் பாட்டனார்களின் காலத்துக்கு வருவோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் இலங்கை, பர்மா, மலாயா என்பன வெளிநாடாகக் கருதப்பட்டதே இல்லை; ‘சபுர்’ என்ற ஒரு சொல் போதும். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின்னர், சென்னை எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். பெயரே ‘போட் மெயில்’. மண்டபம் முகாமில் மருத்துவர் கண்ணையும் உடலையும் பார்ப்பார், அவ்வளவே சோதனை. 1937 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது.

முதல் உலகப் போர்தான் கதவுகளை அடைத்தது. இந்தியாவில் 1917இல் கடவுச்சீட்டு விதிகள் கட்டாயமாயின. போர்க்காலத்துக்கு மட்டும் என்று வந்தது போரோடு போகவில்லை. 1920இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு, நாடுகள் யாவும் ஒரே வடிவில் 32 பக்கச் சிறு நூலாகக் கடவுச்சீட்டை அச்சிட வேண்டும் என்று வரையறுத்தது. நம் சட்டைப் பையில் இருப்பது அந்த மாநாட்டின் பிள்ளைதான்.

நம் குடும்பங்களை நேராகத் தாக்கியது 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடிவரவுச் சட்டம். 1949 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் விசாவுக்கும் தற்காலிக வதிவிட அனுமதிக்கும் விண்ணப்பிப்பவர்களாக மாறினார்கள். எம் பாட்டனார் போட் மெயிலில் பயணச்சீட்டு ஒன்றை மட்டும் கொண்டு போய் வந்தவர். அவர் மகன், தன் தந்தையின் கடையைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதினார். அனுமதியின்றிச் சென்றவர்களுக்கு வழங்கிய ‘கள்ளத்தோணி’ என்னும் சொல், பின்னர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் மீதும் வசையாக வீசப்பட்டது.

இந்தியாவிலும் கடவுச்சீட்டு அரசாங்கத்தின் தயவாகவே வெகுகாலம் இருந்தது. கொடுக்கலாம், மறுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்சநீதிமன்றம், வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒருபுறம், இருவர் மறுபுறம். பெரும்பான்மைத் தீர்ப்பின் பக்கம் நின்ற தலைமை நீதிபதி சுப்பா ராவ், நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்காடி, அங்கேயே நீதிபதியாகவும் அமர்ந்தவர். அவ்வாண்டு ஜூனிலேயே கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. புறப்படுவது அதன் பிறகு உரிமை ஆயிற்று. போய்ச் சேருவதோ இன்றும் அடுத்த நாட்டாரின் தயவே. அதற்கு நம் நீதிமன்றத்தில் வழக்கில்லை. 1986 வரை இங்கிலாந்துக்கு விசா இன்றிப் போய்வந்த இந்தியர், அவ்வாண்டு முதல் வரிசையில் நின்றனர்.

சென்னையின் தெற்கிலும் நடுவிலும் வாழ்பவர்க்கு இவ்வரிசைகள் பழகிப்போனவை. ஜெமினி முனையில் 1969இல் எழுந்த அமெரிக்கத் துணைத்தூதரகக் கட்டடத்தின் முன் விடியுமுன்னரே கோப்புகளை மார்போடு அணைத்து நின்றவர்களை நாம் எத்தனையோ முறை கண்டதுண்டு. தி.நகர் வடக்கு போக் சாலையில் சிங்கப்பூர்த் துணைத்தூதரகம். மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம் நெடுஞ்சாலையில் ரஷ்யத் துணைத்தூதரகம். விமான நிலையத்தை அடுத்த பழவந்தாங்கலில் ‘விசா பிள்ளையார்’ என்றே மக்கள் அழைக்கும் கோயிலும் உண்டு. இந்த அச்சத்துக்கு மதபேதம் கிடையாது.

சாந்தோம் சாலையைக் கடக்கும்போதெல்லாம் எம் உஸ்தாத் அவர்களின் நினைவு வரும். ஸஹீஹுல் புகாரியை எமக்கு ஓதித்தந்தவர்கள். ஸமர்கந்துக்கு அருகே கர்தங்க் என்னும் சிற்றூரில் அடங்கியிருக்கும் இமாம் புகாரி (ரஹ்) அவர்களை ஒருமுறை ஜியாரத் செய்ய வேண்டும் என்பது அவர்களின் ஆசை. அன்று அது சோவியத் நாடு. தனியாகச் செல்லும் பயணி, 1929இல் தொடங்கப்பட்ட ‘இன்டூரிஸ்ட்’ என்னும் அரசு நிறுவனத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும். எந்த நாள் எந்த ஊர், எந்த விடுதி என்பதை முன்கூட்டியே சொல்லி, முழுப் பணத்தையும் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். விசாவும் கடவுச்சீட்டில் ஒட்டப்படாமல் தனித்தாளாக வரும். அதில் எழுதிய ஊரைத் தவிர வேறு ஊருக்குப் போக இயலாது. 1980களின் நடுவில் விசாரித்து வந்த உஸ்தாத் அவர்கள், கூட்டத்தோடு போனால் மலிவு, தனியாகப் போனால் பன்மடங்கு என்று கூறிச் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார்கள். மத்ரஸா ஆசிரியரின் சம்பளம் யாவரும் அறிந்ததுதானே!

நமக்கு நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2016இல், ஐரோப்பிய நூலகம் ஒன்றிலுள்ள பழைய அரபு ஏடுகளைக் காணும் ஆவலால் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தோம். நாட்டின் பெயரும் அலுவலகத்தின் பெயரும் இங்கு வேண்டா. ஷெங்கன் நாடுகளுக்கெல்லாம் கேட்கும் பத்திரங்கள் ஒன்றே: வங்கிக் கணக்கு, விடுப்புக் கடிதம், விடுதிப் பதிவு, நாள்வாரிப் பயணத் திட்டம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. 2015 நவம்பர் முதல் இந்தியரிடம் பத்து விரல் ரேகையும் வாங்குகின்றனர். கவுண்ட்டரில் இருந்த இளைஞர் தாள்களைப் புரட்டிவிட்டு, “எந்த டூர் கம்பெனி சார்?” என்றார்.

“டூர் கம்பெனி இல்லை தம்பி, தனியாகத்தான்.”

“தனியாகவா? என்ன பார்க்கப் போறீங்க?”

“பழைய கிதாபுகள்.”

அவர் எம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார். அவர் மீது குறையில்லை; முடிவு செய்பவர் அவரல்லர். பத்து நாள் கழித்து விண்ணப்பம் மறுக்கப்பட்டு வந்தது. அச்சிட்ட காரணங்களில் ஒன்றுக்கு நேரே குறியிட்டிருந்தார்கள்: விசா முடியுமுன் நாட்டைவிட்டு வெளியேறுவார் என்பது உறுதிப்படவில்லை. கட்டணம் திரும்பாது. முல்தானில் இப்னு பதூதாவிடம், போகமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். எம்மிடம், இருக்கமாட்டேன் என்பதற்குச் சாட்சி கேட்டார்கள். இருபதாண்டுக்கு மேல் ஒரே மத்ரஸாவில் ஓதிக்கொடுத்தது அவர்களுக்குச் சாட்சியாகவில்லை.

சினம் வந்தது உண்மை. ஆறிய பின் வேறொன்றும் தோன்றிற்று. தி.நகரில் நமக்குத் தெரிந்த முகவர் ஒருவர், “மறுபடியும் போடலாம் ஹஜ்ரத், கணக்கில் மூன்று மாதம் பணம் நிற்க நான் ஏற்பாடு செய்கிறேன், விடுதியைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு ரத்து செய்துவிடலாம்” என்று ஆறுதல் கூறினார். பிறர் பணத்தை நம் பணமென்று காட்டுவது பொய்ச் சாட்சியன்றி வேறென்ன? அவ்வழியே வேண்டாம் என்றோம். ஆனால் நம் ஊர்களிலிருந்தே எத்தனை பிள்ளைகள் சுற்றுலா விசாவில் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்கென்று அனுப்பப்பட்டு, கெடு முடிந்து, ஒளிந்து வாழ்ந்து, பிடிபட்டுத் திரும்பியிருக்கிறார்கள்! அபயச் சீட்டில் ஒன்றை எழுதி வேறொன்றைச் செய்ததன் விலையைப் பின்னால் வருகிற நேர்மையான பயணியும் சேர்த்தே கொடுக்கிறார். அதிகாரியின் ஐயத்தில் நம் பங்கும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காக, ஏழை நாட்டான் எவனும் திரும்பமாட்டான் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துவிடுவது நீதியாகிவிடாது.

2018இல் உஸ்பெகிஸ்தான், இந்தியர் உள்ளிட்ட பல நாட்டாருக்கு மின்விசாவைத் திறந்தது. கட்டணம் 20 டாலர். அழைப்புக் கடிதமும் குழுவும் தேவையில்லை. அடுத்த ஆண்டு, அடையாற்றில் வசிக்கும் எம் மாணவர் ஒருவரின் வீட்டில் அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். மூன்று நாளில் அனுமதி வந்தது. தாஷ்கந்தில் அதிகாரி தாளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முத்திரை இட்டார். விடுதிதோறும் பெயர் எழுதிப் பதிவுச் சீட்டுத் தந்தார்கள்; இப்னு பதூதாவின் சீனத்து விடுதிதான் நினைவுக்கு வந்தது. கர்தங்கில் லுஹர் தொழுதுவிட்டு, இமாம் அவர்களுக்கு ஸலாம் உரைத்து, உஸ்தாத் அவர்களின் பெயரால் ஒரு யாஸீன் ஓதினோம்.