டிரினிடாட் டொபாகோவில் பால்புதுமையினர் உரிமைகள்

கரீபியன் தீவுநாடான டிரினிடாட் டொபாகோவில் ஆண்களுக்கிடையிலான உடலுறவைக் குற்றமாக்கியது பிரிட்டிஷ் ஆட்சி. விடுதலைக்குப் பின் வந்த 1986ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டமும் அதை விடவில்லை. தண்டனை பின்னர் 25 ஆண்டுவரை உயர்ந்தது. செயற்பாட்டாளர் ஜேசன் ஜோன்ஸ் தொடுத்த வழக்கில், 2018 ஏப்ரல் 12 அன்று நீதிபதி தேவிந்திர ராம்பர்சாத் அச்சட்டத்தின் 13, 16ஆம் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்றார். அதே ஆண்டு ஜூலையில் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் முதல் பெருமிதப் பேரணி நடந்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தீர்ப்பை மாற்றி, குற்றத்தை மீண்டும் நிலைநிறுத்தியது. உச்சபட்சத் தண்டனையை மட்டும் 5 ஆண்டாகக் குறைத்தது.

குடியேற்றச் சட்டமோ ஒருபாலீர்ப்பினர் நாட்டுக்குள் வருவதையே தடுக்கிறது. ஏட்டளவில்தான்: 2007இல் திருச்சபைத் தரப்பு எதிர்த்தும் ஒருபாலீர்ப்பினரான பாடகர் எல்டன் ஜான் டொபாகோவில் பாடிவிட்டுப் போனார். அன்றாட வாழ்வில் உறுத்துவது 2000ஆம் ஆண்டின் சமவாய்ப்புச் சட்டம். பாலியல் நாட்டத்தை அது வெளிப்படையாகவே விலக்கிவைப்பதால், வேலையோ வாடகை வீடோ மறுக்கப்பட்டவர் அதன்கீழ் முறையிட வழியில்லை.