ஃபின்லாந்தின் போர்ப் பிள்ளைகள்: இரண்டு அம்மாக்களின் கதை

ஃபின்லாந்து என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது நோக்கியா செல்போன். அதற்குமேல் கேட்டால் பனி, ஏரி, காடு, நல்ல பள்ளிக்கூடம் என்று நிறுத்திக்கொள்வோம். அந்தச் சின்ன நாடு தன் பிள்ளைகளில் ஏறக்குறைய 70,000 பேரைக் கழுத்தில் பெயர் அட்டை கட்டி அடுத்த நாட்டுக்கு அனுப்பி வைத்த கதை நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

பிறந்த குழந்தையைத் தத்தெடுப்பது ஒரு விஷயம். ஐந்து வயது, எட்டு வயதுப் பிள்ளையை, அதுவும் வேறு நாட்டிலிருந்து, வேறு மொழியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வருவது முற்றிலும் வேறு. அப்படி ஒரு பிள்ளை வந்தால் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "சின்னப் பிள்ளைதானே, ரெண்டு மாசத்துல பழகிடும்." ஊர் ஊராக மாற்றலாகிப் போகும் குடும்பங்களான நம்மிடமும் இதையேதான் சொல்வார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க இந்த ஃபின்லாந்து கதையை விடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1939 நவம்பர் 30 அன்று சோவியத் யூனியன் ஃபின்லாந்தைத் தாக்கியது. அப்போது ஃபின்லாந்தின் மொத்த மக்கள்தொகை 40 லட்சம்கூட இல்லை. நகரங்களில் குண்டு விழுந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள், பெண்கள் தொழிற்சாலைக்கும் வயலுக்கும் போனார்கள். பிள்ளைகளை என்ன செய்வது? பக்கத்து நாடான ஸ்வீடன் போரில் சேரவில்லை. ஆனால் ஃபின்லாந்துக்கு உதவ வேண்டும் என்ற உணர்ச்சி ஸ்வீடன் மக்களிடம் பொங்கியது. அங்கே முன்னாள் பிரதமர் ரிக்கார்ட் சாண்ட்லரின் மனைவி மாயா சாண்ட்லர் முன்னின்று, "பிள்ளைகளை எங்களிடம் அனுப்புங்கள், எங்கள் வீடுகளில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஏற்பாடு செய்தார். அந்த டிசம்பரிலேயே முதல் பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள்.

முதல் போர் 105 நாளில் முடிந்தது. 1941 ஜூனில் மறுபடி போர் வெடித்து 1944 செப்டம்பர் வரை நீண்டது. பெரும்பாலான பிள்ளைகள் போனது இந்த இரண்டாவது சுற்றில்தான். ஸ்வீடனுக்கு மட்டும் சுமார் 70,000 பேர், டென்மார்க்குக்குச் சில ஆயிரம் பேர். நடக்கப் பழகிய குழந்தையிலிருந்து பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை வரை எல்லா வயதிலும் இருந்தார்கள்.

துர்க்கு துறைமுகத்திலிருந்து கப்பலில் ஸ்டாக்ஹோம் போனவர்கள் ஒரு பக்கம். வடக்கே துர்னியோ வழியாக ரயிலில் போனவர்கள் இன்னொரு பக்கம். எல்லையைத் தாண்டியதும் ஸ்வீடனின் ஹாபராண்டா. நம் ஊர் மீட்டர் கேஜ், பிராட் கேஜ் மாதிரி இரண்டு நாட்டுத் தண்டவாளத்துக்கும் அகலம் வேறு. பிள்ளைகள் இறங்கி வேறு ரயிலுக்கு மாற வேண்டும். குளிப்பாட்டி, பேன் பார்த்து, வைத்தியப் பரிசோதனை செய்து, நோய் இருந்தால் தனியே வைத்து, அதன் பிறகுதான் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். அண்ணன் ஒரு வீட்டுக்கும் தங்கை இன்னொரு வீட்டுக்கும் போனது சாதாரணமாக நடந்தது. இரண்டு மூன்று பேரைச் சேர்த்து வைத்துக்கொள்ள எல்லா வீட்டிலும் வசதி இல்லையே.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்வீடன் குடும்பங்கள் கெட்டவர்கள் இல்லை. முன்பின் தெரியாத, பேச்சு புரியாத பிள்ளையைத் தங்கள் பிள்ளையோடு பிள்ளையாக உட்கார வைத்துச் சோறு போட்டவர்கள். ஸ்வீடனிலும் அப்போது ரேஷன்தான். தாய்மார்களும் மனதில்லாமல்தான் அனுப்பினார்கள், பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று. யாரையும் குற்றம் சொல்ல முடியாத கதை இது. அதனால்தான் கூர்ந்து பார்க்க வேண்டியதாகவும் இருக்கிறது.

முதல் பிரச்சினை மொழி. ஸ்வீடிஷ் மொழி ஆங்கிலம், ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஃபின்னிஷ் அந்தக் குடும்பமே இல்லை. எஸ்டோனியனுக்கு நெருங்கிய சொந்தம், ஹங்கேரியனுக்குத் தூரத்துச் சொந்தம். தமிழுக்கும் இந்திக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபின்லாந்தில் ஸ்வீடிஷும் ஆட்சி மொழிதான் என்றாலும், சாதாரணக் குடும்பத்து ஃபின்னிஷ் பிள்ளைக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. பசிக்கிறது, வயிறு வலிக்கிறது, அம்மா எப்போது வருவாள், எதையும் கேட்க முடியாது. வளர்க்கிற அம்மாவுக்கும் பதில் சொல்லத் தெரியாது.

இரண்டாவது, வீட்டு வழக்கமும் பண்டிகையும். இரண்டு நாட்டுக்காரர்களும் பெரும்பாலும் லுத்தரன் கிறிஸ்தவர்கள். இருவருக்கும் கிறிஸ்துமஸ் முக்கியம், அதுவும் டிசம்பர் 24 மாலைதான் முக்கியம். காகிதத்தில் பார்த்தால் வித்தியாசமே இல்லை. ஆனால் ஃபின்லாந்தில் கிறிஸ்துமஸ் மாலை என்றால் சவுனா உண்டு. மர அறையில் கல்லைச் சூடாக்கி, தண்ணீர் தெளித்து, குடும்பமாக வியர்த்துக் குளிப்பது. நமக்குத் தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியல் இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? அவர்களுக்கு அப்படி. சனிக்கிழமை தோறும் சவுனா என்பதும் நம் சனி நீராடு போலவே பழைய வழக்கம். ஸ்வீடன் வீட்டில் மரம் இருக்கும், பரிசு இருக்கும், மேஜை நிறைய சாப்பாடு இருக்கும், சவுனா இருக்காது. அதற்குப் பதில் டிசம்பர் 13 அன்று தலையில் மெழுகுவத்தி கிரீடம் வைத்த பெண் பிள்ளை பாடிக்கொண்டு வரும் லூசியா திருநாள் இருக்கும்.

கோடை நடுவில் வரும் பண்டிகையும் அப்படித்தான். இருவருக்கும் அது பெரிய விடுமுறை. ஸ்வீடனில் இலையும் பூவும் சுற்றிய கம்பம் நட்டு அதைச் சுற்றி ஆடுவார்கள். ஃபின்லாந்தில் ஏரிக்கரையில் பெரிய தீ மூட்டுவார்கள். விடுமுறை நாள் ஒன்று, ஆனால் பிள்ளையின் மனதில் இருப்பது நெருப்பு, எதிரில் இருப்பது பூக்கம்பம்.

சாதாரண நாட்களில் பிள்ளை சமாளித்துவிடும். பள்ளிக்கூடம், விளையாட்டு, வேலை என்று நேரம் ஓடிவிடும். வீடு முழுக்கச் சந்தோஷமாக இருக்கும் பண்டிகை நாளில்தான் தன் வீடு ஞாபகம் வரும். பெரிய பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்க்கும் குடும்பங்களுக்கு இது இன்றைக்கும் பழக்கமான விஷயம். பரிசைப் பிரிக்கும் நேரத்தில் பிள்ளை காரணமில்லாமல் அழும், அல்லது ரகளை செய்யும். நன்றி கெட்டது என்று நினைத்தால் போச்சு. அதற்கு முன்னால் ஒரு பண்டிகை இருந்தது, அதில் வேறு ஓர் அம்மா இருந்தாள், அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளைகள் பழகத்தான் செய்தார்கள். "ரெண்டு மாசத்துல பழகிடும்" என்றவர்கள் ஒரு வகையில் ஜெயித்தார்கள். சின்னப் பிள்ளைகள் சில மாதங்களில் ஸ்வீடிஷ் பேச ஆரம்பித்தார்கள். அதே வேகத்தில் ஃபின்னிஷ் போய்விட்டது. ஃபின்னிஷில் அம்மாவுக்கு ஐத்தி என்று பெயர், ஸ்வீடிஷில் மம்மா. ஊரிலிருந்து வரும் கடிதம் ஐத்தியின் மொழியில் இருக்கும். மம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கொஞ்ச நாளில் பிள்ளைக்கும் புரியாது.

அதன் பிறகு போர் முடிந்தது. இப்போது எல்லாரும் திரும்பி வர வேண்டும்.

திரும்பும் ஊர் எப்படி இருந்தது என்று பாருங்கள். கரேலியா பகுதி சோவியத் வசம் போய்விட்டது. அங்கிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு வந்திருந்தார்கள். 30 கோடி டாலர் மதிப்புக்குப் போர் இழப்பீடு சரக்காகக் கட்ட வேண்டும், அது முடிய 1952 ஆயிற்று. சில பிள்ளைகளுக்கு அப்பா இல்லை. சிலருக்கு அவர்கள் கிளம்பிய வீடே இல்லை.

ஸ்டேஷனில் அம்மா நிற்கிறாள். ஆறு வயதில் அனுப்பிய பெண்ணுக்கு இப்போது ஒன்பது வயது. நல்ல கோட்டு, நல்ல ஷூ போட்டிருக்கிறது. அம்மா கூப்பிடுகிறாள். பெண்ணுக்குப் புரியவில்லை. பெண் ஏதோ சொல்கிறது. அம்மாவுக்குப் புரியவில்லை. பெற்ற தாய்க்கும் மகளுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்ட வீடுகள் ஒன்றிரண்டு இல்லை, ஏராளம். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் "ஸ்வீடன்காரி" என்று கேலி செய்தார்கள். மறுபடியும் முதலிலிருந்து "பழக" வேண்டும். இந்த முறை பெற்றவளிடம். ஸ்வீடனில் விட்டு வந்த மம்மாவுக்காக அழுதால் ஐத்திக்குக் கோபம் வரும், வருத்தம் வரும். ஒரே பிள்ளை இரண்டு முறை தாயைப் பிரிந்தது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

எல்லாரும் திரும்பவில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகள் ஸ்வீடனிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் பலரை வளர்த்த குடும்பங்களே தத்தெடுத்தன. திரும்பிய பிறகு மனம் ஒட்டாமல், பெரியவர்களாகி மறுபடி ஸ்வீடனுக்குப் போனவர்களும் உண்டு.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறைத்த ஒரு தகவல். முதல் பிள்ளைகள் கிளம்பிய அதே 1939 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர்கள் ஜான் பௌல்பி, இமானுவேல் மில்லர், டொனால்ட் வினிகாட் என்ற மூன்று மருத்துவர்கள். லண்டன் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பிய நேரம் அது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து நீண்ட நாள் பிரிப்பது மனதளவில் பெரிய ஆபத்து என்று எச்சரித்தார்கள். ஃபின்லாந்தில் குண்டு விழும்போது இதை யார் படித்திருக்கப் போகிறார்கள்?

பல வருடங்கள் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். 2015-ல் அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. ஒரே வீட்டில் ஸ்வீடன் போன பிள்ளையையும் போகாமல் வீட்டில் இருந்த உடன்பிறப்பையும் ஒப்பிட்ட ஆய்வு. மொத்தமாகப் பார்த்தால் மனநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல செய்திதான், நிறையப் பேர் தாங்கி நின்றிருக்கிறார்கள். ஆனால் பெண்களைத் தனியாக எடுத்தால், மனச்சோர்வு போன்ற நோய்களுக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் வீட்டில் இருந்த சகோதரிகளைவிட இரண்டு மடங்குக்கு மேல். 2018-ல் வந்த தொடர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. அப்படிப் போய் வந்த பெண்களின் மகள்களிடமும் அந்தப் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது. தாயின் வரவு செலவில் முடியாத பாக்கி மகளின் பக்கத்துக்கு எடுத்து எழுதப்பட்டிருக்கிறது. பேங்க்காரனுக்கு இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இந்த விஷயத்தில் உலகம் மெதுவாகத்தான் பாடம் படித்தது. நம் நாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதில் நடந்த முறைகேடுகள் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு. முதலில் இந்தியாவிலேயே குடும்பம் தேட வேண்டும். வெளிநாடு என்றால் கூடுமானவரை மூன்று வயதுக்குள் அனுப்புவது நல்லது. ஏழு வயதுக்கு மேல் என்றால், சொல்லக்கூடிய நிலையில் இருக்கும் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும் என்றது. ஃபின்லாந்துப் பிள்ளைகளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

1989-ல் வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு, சொந்தக் குடும்பத்தை இழந்த பிள்ளையின் மதம், பண்பாடு, மொழிப் பின்னணிக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. 1993-ல் நாடு விட்டு நாடு தத்தெடுப்புக்கான ஹேக் ஒப்பந்தம் வந்தது. இந்தியா 2003-ல் அதை ஏற்றது. பிள்ளையின் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதன் விருப்பத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதிலும் உண்டு.

ஸ்வீடன்? பின்னாட்களில் கொரியா, இந்தியா, இலங்கை என்று பல நாடுகளிலிருந்து பிள்ளைகளைத் தத்தெடுத்த நாடுகளில் அது முன்வரிசையில் நின்றது. பல தத்தெடுப்புகளில் ஆவணங்கள் சரியில்லை என்ற புகார்களை விசாரித்த அரசுக் குழு, 2025 ஜூனில் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவிடலாம் என்று பரிந்துரைத்தது. அதுவா சரியான முடிவு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. குடும்பமே கிடைக்காமல் விடுதியில் வளர்வதைவிட வேறு நாட்டில் ஓர் அம்மா கிடைப்பது மேல் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

என் கவலை அதைவிடச் சின்னது. வந்த பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது என்பது. போரின் நடுவில் அந்த நாட்டுக்கு வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் ஃபின்னிஷ் சாகாமல் பார்த்துக்கொள்ள வழி இருந்தது. வாரம் ஒரு மணி நேரம் ஃபின்னிஷ் பேசும் ஒருவரோடு உட்கார வைத்திருந்தால், அண்ணனையும் தங்கையையும் விடுமுறைக்காவது ஒன்றாக விட்டிருந்தால், அம்மாவின் கடிதத்தை யாராவது சத்தமாகப் படித்துக் காட்டியிருந்தால், ஸ்டேஷனில் அந்த அம்மா பேசியது மகளுக்குப் புரிந்திருக்கும். அதனால் ஸ்வீடன் மம்மாவின் பாசத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

நம் பிள்ளைகள் நம்மோடு வந்தவர்கள். தனியாக ரயிலேற்றி அனுப்பப்பட்டவர்கள் இல்லை. அந்த வலியோடு நம் கஷ்டத்தை ஒப்பிடுவது நியாயம் ஆகாது. இருந்தாலும் ஒரு சின்ன ஒற்றுமை கண்ணில் படாமல் போகாது. புனேயிலோ டெல்லியிலோ அகமதாபாத்திலோ வளரும் பிள்ளை கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறது. ஆச்சி ஆசையாக ஏதோ கேட்கிறாள். பிள்ளை நம் முகத்தைப் பார்க்கிறது, நாம் மொழிபெயர்க்கிறோம். எல்லாரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறோம். ஆச்சி மட்டும் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை.

பிள்ளைகள் பழகிவிடுவார்கள், அதில் சந்தேகமே இல்லை. பழகும்போது எதை மறக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பது பெரியவர்கள் வேலை. இந்த லீவுக்கு டிக்கெட் போடும்போதே, ஊருக்குப் போவதற்குள் தினமும் பத்து நிமிடம் ஆச்சியோடு போனில் பேச வையுங்கள். தப்பும் தவறுமாகப் பேசட்டும், பரவாயில்லை.