பூட்ஸ் அறையில் தங்கியவர்கள்

மேலாளர் மாறினால் துணைப் பயிற்சியாளர்களும் மூட்டை கட்ட வேண்டும் என்பது கால்பந்தில் எழுதப்படாத விதிபோல ஆகிவிட்டது. லிவர்பூலின் வரலாறு அதற்கு ஒத்துப்போகவில்லை. 1959 டிசம்பரில் பொறுப்பேற்ற பில் ஷாங்க்லி, அங்கே ஏற்கெனவே இருந்த பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் மூவரையும் வைத்துக்கொண்டார். ஆன்ஃபீல்டில் வீரர்களின் பூட்ஸ் மாட்டியிருந்த சின்ன அறையில், பீர்ப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அவர்கள் ஆட்டத்தை அலசுவார்கள். அன்றன்றைய பயிற்சியையும் காயங்களையும் நோட்டில் குறித்துவைப்பார்கள். 1974இல் ஷாங்க்லி விலகியபோது வாரிசைத் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. பெய்ஸ்லி ஒன்பது பருவங்களில் ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றார். அவருக்குப் பின் வந்த ஃபேகன் முதல் பருவத்திலேயே லீக், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் கொண்டுவந்தார்.

நம்பிக்கையான ஆட்கள் பக்கத்தில் இல்லாமல் புது மேலாளர் எப்படி வேலை செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், தோற்றால் முதலில் வேலை போவது அவருக்குத்தான். ஆனால் 2013இல் மான்செஸ்டர் யுனைடெடுக்கு வந்த டேவிட் மோயஸ் தன் எவர்டன் சகாக்களை அழைத்துவந்தார். அங்கே ஏற்கெனவே இருந்த பயிற்சியாளர்களான மைக் ஃபீலனும் ரெனே மியூலன்ஸ்டீனும் வெளியேறினார்கள். சாம்பியன் அணி அந்தப் பருவத்தை ஏழாம் இடத்தில் முடித்தது. அணியில் பலருக்கு வயதாகியிருந்ததும் ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆயினும் வெளியேறும் பயிற்சியாளர் நோட்டை வேண்டுமானால் விட்டுச் செல்லலாம். எந்த வீரரை எப்போது தட்டிக்கொடுப்பது, எப்போது அதட்டுவது என்ற பழக்கமோ ஆளோடு போய்விடுகிறது. 1996இல் ஆர்சனலுக்கு வந்த ஆர்சென் வெங்கர், கிளப்பின் பழைய ஆளான பாட் ரைஸைத் துணையாக வைத்துக்கொண்டார். 1998இல் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் ஒன்றாக வந்தன.